இல்லாத பொத்தானைத் தேடிய விரல்

அத்தியாயம் 3

காலியான அந்த வீட்டுக்குள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் தூங்கி எழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

கீதாவின் கைப்பேசி ஒரு முறை ஒலித்து அடங்கியது. திரையில் பச்சை நிற டிக். அதன் கீழே, 'அப்பா: எழுந்தாச்சு.'

"பாருங்க. தினமும் காலையில இப்படித்தான் வருது" என்றாள் கீதா. "அவர் கட்டில் இதோ இருக்கு. புதன்கிழமைக்கு அப்புறம் அவரை யாருமே பார்க்கல."

ஜெயக்கொடி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத போர்வை. ஜன்னலுக்கு வெளியே சிட்லபாக்கம் ஏரியின் மேல் திங்கட்கிழமைக் காலை எந்த அவசரமும் இல்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தது. பல வருடங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்து அலுத்துப்போய், உண்மையான துன்பங்களைத் தேடிக்கொண்டு வெளியே வந்தவள் ஜெயக்கொடி. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். உதவிக்கு ஜோஷ்வா. அவனுக்கு வயது முப்பது. அவன் வாய்க்கு வயது கிடையாது.

"அந்த ஆப் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க" என்றாள் ஜெயக்கொடி.

"தனியா இருக்கிற பெரியவங்களுக்கான ஆப். பேரே 'எழுந்தாச்சு'தான். காலையில போனைக் கையில எடுத்தா, பூட்டின திரை மேலேயே ஒரு பெரிய பச்சைப் பொத்தான் நிக்கும். அதை அழுத்தினா எனக்கு டிக் வரும். அழுத்தலைன்னா கொஞ்ச நேரத்துல எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் அலாரம் அடிக்கும்."

"போலீஸ்ல?"

"இந்த டிக்கைப் பார்த்துட்டு, 'பெரியவர்தான் டெய்லி அழுத்துறாரே மேடம், எங்கயாவது கோயிலுக்குப் போயிருப்பார்'னு அனுப்பிட்டாங்க. போன் பண்ணா ரிங் போகுது, எடுக்கிறதில்ல. ஒரு மாசமாவே என் போனை அவர் எடுக்கிறதில்ல."

"ஏன்?"

கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்டைப் பூட்டிட்டு பெங்களூருக்கு வந்துடுங்கன்னு சொன்னேன். கத்திச் சொன்னேன். அதுக்கப்புறம் எங்களுக்குள்ள இருந்த ஒரே பேச்சு இந்த டிக்தான். அது வந்தா போதும்னு நானும் ஆபீசுக்குக் கிளம்பிடுவேன். நேத்து ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணி, 'உங்க வீட்டு கேட் லைட்டு பகல்லயும் எரியுதே'ன்னு கேட்கலைன்னா இன்னைக்கும் கிளம்பியிருப்பேன். ராத்திரியோட ராத்திரியா கார் பிடிச்சு வந்துட்டேன்."

ஜோஷ்வா வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "அக்கா, பெரியவரோட செருப்பு ரெண்டும் இங்கதான் கீது. செருப்பு போடாம கோயிலுக்குப் போனா புண்ணியம் டபுளோ இன்னாவோ."

ஜெயக்கொடி கட்டிலருகே குனிந்தாள். சுவரில் பிளக் பாயிண்ட் சுவிட்ச் போட்டபடி இருந்தது. சார்ஜர் இல்லை. அலமாரியில் மாத்திரை டப்பா இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் மிச்சமிருந்தது.

"இந்த வீட்டை யாராவது விலைக்குக் கேட்டாங்களா?"

"ஃபிளாட் கட்டுறவங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

"அப்ப அவனுங்கதான்" என்றான் ஜோஷ்வா. "ஆளைத் தூக்கிக்கினு போய்ட்டு, பட்டனை மட்டும் இவனுங்க அழுத்திக்கினு இருக்கானுங்க. கேஸ் குளோஸ். டிபன் சாப்பிடலாமா?"

"ஆளைக் கடத்துறவன் மறக்காம மாத்திரையும் சார்ஜரும் எடுத்துட்டுப் போவானா, ஜோஷ்வா?"

ஜோஷ்வா யோசித்தான். "நல்ல குடும்பத்துல பொறந்த ரவுடியா இருந்தா?"

"செருப்பு இங்கே. அதனால அவர் நடந்து போகல. யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. மாத்திரை இல்லை. அதனால அவர் உயிரோட இருக்கணும்னு நினைக்கிறவங்க. சார்ஜர் இல்லை. அதனால அந்த டிக் நிக்கவே கூடாதுன்னும் நினைக்கிறவங்க." அவள் கீதாவைப் பார்த்தாள். "நீங்க இங்கேயே இருங்க. யாராவது வந்தா எனக்குச் சொல்லுங்க. நாங்க அந்தப் பொத்தானைச் செஞ்சவங்களைப் பார்த்துட்டு வர்றோம்."

"அப்பா உயிரோட இருக்காரா, மேடம்?"

"தெரியாததைச் சொல்லி நான் யாருக்கும் ஆறுதல் கொடுக்கிறதில்லை" என்றாள் ஜெயக்கொடி. வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

*

சேலையூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த நிறுவனம். இரண்டு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, சுவர் முழுக்க ஒட்டிய காகிதங்கள். ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு கைப்பேசித் திரை வரையப்பட்டிருந்தது. திறக்காத ஜன்னல்கள் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது.

உள்ளே ஒரே ஒருத்தி. பெயர் தமிழினி, ஆப்பின் வடிவமைப்பாளர். முதலாளி பிரசன்னா வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். வண்டலூருக்கு அப்பால் முதியவர்களுக்காகக் கட்டப்படும் பெரிய குடியிருப்பு ஒன்று, எல்லா வீட்டுக்கும் இந்த ஆப்பை வாங்கப் போகிறதாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

கீதாவின் அப்பா பெயரைச் சொன்னதும், "பொன்னுரங்கம் சாரைத் தெரியும்" என்றாள் தமிழினி. "எங்க ஆப்பைப் பரிசோதிச்சுப் பார்க்கிறவங்கள்ல அவர்தான் பெஸ்ட். புதன்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய், அவர் போனை எப்படிப் பிடிக்கிறார், எங்க தடுமாறுறார்னு பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன். பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவார்."

"போன் இப்ப எங்க கீதுன்னு உங்க ஆப் சொல்லாதா?" ஜோஷ்வா கேட்டான்.

"இடம் காட்டுற வசதியை வச்சோம். 'நான் என்ன நாயா, கழுத்துல பட்டை கட்டுறதுக்கு?'ன்னு கேட்டது அவர்தான். எடுத்துட்டோம்."

"வாயைக் குடுத்து மாட்டிக்கினாரு பெரியவர்."

"அவர் தினமும் எங்கே தொடுறார்னாவது தெரியுமா?" என்றாள் ஜெயக்கொடி. "போன்ல, எந்த இடத்துல?"

தமிழினி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். மறைக்க நினைப்பவர்கள் இவ்வளவு சீக்கிரம் காட்ட மாட்டார்கள் என்பதை ஜெயக்கொடி மனதில் குறித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு கைப்பேசியின் படம். மேல் பாதியில் பெரிய பச்சைப் பொத்தான். விரல் பட்ட இடங்களெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தமிழினி தேதியை நகர்த்த நகர்த்தப் புள்ளிகள் மாறின. போன மாதம், அதற்கு முந்தைய மாதம், எல்லாக் காலையிலும் பொத்தான் மேல் ஓரிரு புள்ளிகள். போன புதன்கிழமை வந்ததும் பொத்தான் மேல் புள்ளிகள் கொத்தாகக் குவிந்தன.

"இது ஏன் இவ்வளவு?"

"பெரியவங்களுக்குக் கை நடுங்கும். அழுத்துனது போச்சா இல்லையான்னு சந்தேகத்துல திரும்பத் திரும்ப அழுத்துவாங்க. முன்னாடி ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு டிக் போய், பிள்ளைங்க தொந்தரவுன்னு ஆப்பையே தூக்கிட்டாங்க. அதனால ஒரு நாளைக்கு முதல் அழுத்தலை மட்டும்தான் எடுத்துப்போம். மிச்சதெல்லாம் நடுக்கம்னு விட்டுடுவோம். அந்தத் திருத்தம் நான் பண்ணது."

அடுத்து வியாழன். ஜெயக்கொடி முன்னால் சாய்ந்தாள். அன்றும் நிறையப் புள்ளிகள். ஆனால் முதல் புள்ளி பொத்தான் மேல் இல்லை. திரையின் கீழே, இடது மூலையில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் இருந்தது. அதன் பிறகே மேலே. வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று காலை, எல்லா நாளும் அப்படித்தான். விரல் முதலில் கீழே இடது மூலைக்குப் போகிறது. அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மேலே வருகிறது.

"மாசக் கணக்கா நேரா பொத்தானுக்குப் போன விரல், வியாழக்கிழமை ஏன் வழி தவறுது?"

ஜெயக்கொடி எழுந்து சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'முதல் வடிவம்' என்று எழுதிய தாளில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சையில் 'எழுந்தாச்சு', சிவப்பில் 'வாங்க'.

"இந்தச் சிவப்புப் பொத்தான் எங்கே போச்சு?"

"தவறிப்போய் அதை அழுத்திடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க அரக்கப்பரக்க ஓடி வந்து பார்த்தா, இவங்க உட்கார்ந்து காபி குடிச்சிட்டு இருப்பாங்க. சண்டையாகும். பிரசன்னாதான் ஒரே பொத்தான் போதும், திரை சுத்தமா அழகா இருக்கும்னார்." அந்தத் தாளைப் பார்த்தாள். "அழகாத்தான் இருந்துச்சு."

கடைசித் தாளில் 'அடுத்த வடிவம்' என்றிருந்தது. அதிலும் ஒரே பொத்தான். ஆனால் அது கீழே, இடது மூலையில்.

"ஏன் இங்கே?"

"வலது கையில கைத்தடி வச்சிருப்பாங்க. போன் இடது கையில இருக்கும். இடது கட்டை விரலுக்கு எட்டுற இடம் அதுதான்."

"இது வெளியே வந்துடுச்சா?"

"இல்லை. அடுத்த மாசம்தான். இங்கே ஆபீஸ் போன்ல மட்டும் வச்சிருக்கோம்."

ஜெயக்கொடி மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒரு விரல், அடுத்த மாசம் வரப்போற பொத்தானை இந்த மாசமே தேடுது. அந்தப் புது வடிவத்துல பழகின விரலா இருந்தாத்தான் அப்படிப் போகும். அதுல யார் யார் பழகியிருக்கீங்க?"

"நானும் பிரசன்னாவும்."

"உங்க ஆப் என் போன்ல இல்லை. ஜோஷ்வா, உன் போன்ல ஏத்திட்டியா?"

"ஏத்தியாச்சுக்கா. எனக்கும் யாராச்சும் எழுந்தாச்சான்னு கேட்டா நல்லாத்தான் இருக்கும்." அவன் தன் கைப்பேசியை நீட்டினான். மேலே பச்சைப் பொத்தான் நின்றது.

"இதை இவங்ககிட்ட குடு. தமிழினி, யோசிக்காம அழுத்துங்க."

தமிழினி வாங்கினாள். அவளுடைய இடது கட்டை விரல் தானாகக் கீழ் மூலைக்குப் போய் வெற்றுக் கண்ணாடியைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. விரலை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கீழே கடையில் யாரோ டைல்ஸ் அடுக்கும் சத்தம் கேட்டது.

"எங்கே அவர்?" என்றாள் ஜெயக்கொடி.

"கேம்ப் ரோடு பக்கம். ஒரு ஆஸ்பத்திரியில. உயிரோட இருக்கார்." தமிழினி கைப்பேசியை ஜோஷ்வாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா நான் அழுத்தல மேடம். சத்தியமா. அவரேதான் அழுத்துறார்."

"அவருக்குப் புது வடிவம் தெரியாதே."

"தெரியாது. ஆனா வலது பக்கம் விழுந்துடுச்சு. பக்கவாதம். படுத்துக்கிட்டே இடது கையில போனைப் பிடிக்கிறார். கட்டை விரல் முதல்ல அந்த மூலையிலதான் படும். அங்கேருந்து மேலே ஏத்திக் கொண்டு போறதுக்குள்ள அவருக்கு வேர்த்துடும்."

ஜோஷ்வா மெதுவாகச் சொன்னான். "தப்பான அட்ரஸை வச்சிக்கினு கரெக்டான வூட்டைத் தட்டிட்டீங்கக்கா."

*

போகிற வழியில், பின்சீட்டில் உட்கார்ந்தபடி தமிழினி சொன்னாள். புதன்கிழமை காலை வழக்கம்போல் அவள் போனபோது கதவு திறந்திருந்தது. பால் எடுக்க வந்த இடத்தில் விழுந்திருக்கிறார். இடது கைக்கு எட்டும்படி தரையில் போன். திரையில் பச்சை டிக். விடியற்காலையிலேயே போய்விட்ட டிக். ஆட்டோக்காரர் உதவியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். பிறகு வந்து மாத்திரைகளையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

"மகளுக்கு ஏன் சொல்லல?"

"கீதா மேடத்துக்குச் சொல்லவான்னு அவர்கிட்ட கேட்டேன். பேச்சு வரல. கண்ணை மூடிக்கிட்டார். வேணாம்னு எடுத்துக்கிட்டேன். மகள் மேல எவ்வளவு கோபமா இருந்தார்னு எனக்குத் தெரியும். மறுநாள் காலையில போனுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். அழுத்தினார். நல்லா இருக்கேன்னு மகளுக்குக் காட்டிக்க நினைக்கிறார்னு தோணுச்சு." ஜன்னல் கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. "பிரசன்னாவும், வெள்ளிக்கிழமை வரைக்கும் டிக் போயிட்டு இருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னார். விழுந்து கிடந்த ஒருத்தர்கிட்டேருந்து எழுந்தாச்சுன்னு செய்தி போயிருக்கு. அது வெளிய தெரிஞ்சா கம்பெனியே இருக்காது. போனை சைலண்ட்ல போட்டது நான்தான்."

ஜெயக்கொடி கீதாவுக்கு போன் செய்தாள். அப்பா கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், கேம்ப் ரோடு ஆஸ்பத்திரிக்கு உடனே வாருங்கள் என்று மூன்று வாக்கியம். மறுமுனையில் ஆட்டோவைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. நர்ஸ், தமிழினியைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க அப்பா இன்னிக்குப் பரவால்ல. கஞ்சி குடிச்சிகினு இருக்கார்."

"அப்பாவா?" என்றாள் ஜெயக்கொடி.

"சேர்க்கும்போது உறவு கேட்டாங்க" என்றாள் தமிழினி தரையைப் பார்த்து.

அறைக்குள் பொன்னுரங்கம் சாய்ந்து படுத்திருந்தார். பெரிய உடம்பு. முகத்தின் ஒரு பக்கம் இறங்கி, வேறு ஒருவருடைய முகத்தை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. இடது கையில் எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வரை கஞ்சி. தானே வாய்க்குக் கொண்டு போனார். குடித்தார். திரும்ப மேசை மேல் வைத்தார். பிறகு தலையணை ஓரத்தைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தார். கட்டை விரல் கீழ் மூலையில் பட்டது. மெல்ல மெல்ல மேலே ஏறியது. அழுத்தினார். கதவைப் பார்த்தார். மீண்டும் அழுத்தினார். கதவைப் பார்த்தார்.

கதவருகே நின்றவர்களை அவர் கண்கள் கடந்து போயின. அவர்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தன.

"நாள் பூரா இதே வேலைதான்" என்றாள் நர்ஸ். "கேம் ஆடுறார்னு நினைச்சோம். போனை வாங்கினா அழுவுறார்."

"நீங்க பகல்ல இருக்க மாட்டீங்களா?" ஜெயக்கொடி தமிழினியைக் கேட்டாள்.

"காலையில வந்து டிக் போனதும் கிளம்பிடுவேன். ஆபீஸ்."

ஜோஷ்வா டம்ளரைப் பார்த்தான். பிறகு அந்தக் கையைப் பார்த்தான். "அக்கா, இவுருக்குக் கை நடுங்கலியே. அத்தனை கஞ்சியில ஒரு சொட்டு கூட பெட்ஷீட்ல சிந்தலை." கைப்பேசியைக் காட்டினான். "பட்டனை அழுத்துறதைப் பாருங்க. காலிங் பெல் அடிக்கிற மாதிரி கீது. அடிச்சிட்டு, யாராவது வர்றாங்களான்னு பார்க்கிறாரு."

ஜெயக்கொடிக்கு அந்தச் சிவப்புப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. அடுத்த மாதப் பொத்தான் என்று அவளே எவ்வளவு அழகாகச் சொன்னாள். மூலையில் கிடந்த ஒற்றைப் புள்ளியில் சூழ்ச்சியைத் தேடினாள். பொத்தான் மேல் குவிந்து கிடந்த புள்ளிகளை, யாரோ நடுக்கம் என்று சொன்னதும் அப்படியே நம்பி, கடந்து போய்விட்டாள். எழுந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு முறை அழுத்தினால் போதும்.

அவள் கட்டிலருகே போய் அவர் காதோரம் குனிந்தாள். "ஐயா, என் பேர் ஜெயக்கொடி. கீதா என்னை அனுப்பினாங்க. இதை அழுத்துறீங்களே, கீதா வரணும்னா அழுத்துறீங்க? ஆமான்னா என் விரலைப் பிடிங்க."

அவர் கைப்பேசியைப் போட்டுவிட்டு அவள் விரலைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார்.

தமிழினி சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "புதன்கிழமை" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "தரையில கிடந்துக்கிட்டே அத்தனை தடவை அழுத்தியிருக்கார். அன்னைக்கு நான் பத்து மணிக்குப் போனேன். டாக்டர் சொன்னார், விழுந்த உடனே கொண்டு வந்திருந்தா பேச்சு வந்திருக்கும்னு. முதல் டிக் மட்டும் போச்சு. மத்ததை எல்லாம் என் திருத்தம்தான் தடுத்தது."

அவள் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்தாள். பிரசன்னா.

"சொல்லு" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ வேகமாகப் பேசினான். "இல்ல பிரசன்னா. நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். அவர் பொண்ணு வந்துக்கிட்டிருக்காங்க. இல்ல, நீ கேளு. அந்த வண்டலூர்காரங்களுக்கு நானே போன் பண்றேன், புதன்கிழமை நடந்ததைச் சொல்றேன். அப்புறமும் அவங்க கையெழுத்து போட்டா போடட்டும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "பரவால்ல. நாளைக்கு வந்து என் சாமானை எடுத்துக்கிறேன்."

வராந்தாவில் வேகமான காலடி கேட்டது. கீதா வாசலில் நின்றாள். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. அவளுடைய கண்கள் முதலில் கட்டிலுக்கும், பிறகு நாற்காலியில் இருந்தவளுக்கும் போயின.

"நீங்கதான் தமிழினியா?"

"ஆமா." அவள் எழுந்து நின்றாள்.

"கீழே சொன்னாங்க, அவரோட பொண்ணு தமிழினி மேல இருக்காங்க, தினமும் காலையில வந்துட்டு ஆபீஸ் போயிடுவாங்கன்னு." கீதா அறைந்துவிடுவாள் என்று ஜோஷ்வா நினைத்தான். அவள் அதைச் செய்யவில்லை. "நானும் அந்த டிக்கைப் பார்த்துட்டு ஆபீஸ் போனவதான்" என்றாள். "நாம அப்புறம் பேசலாம். பேசணும்."

பொன்னுரங்கம் அவளைப் பார்த்துவிட்டார். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது, வார்த்தையாக மாறாமல் நின்றது. கை படுக்கை மேல் கைப்பேசியைத் தேடியது. கண்டுபிடித்தது. அவள் எதிரிலேயே நிற்கும்போதும் அந்தக் கட்டை விரல் மூலையிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது.

கீதா கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியை அவர் கையிலிருந்து எடுத்தாள். அவர் முகம் கோணியது. அது இருந்த இடத்தில் அவள் தன் உள்ளங்கையை வைத்தாள்.

கட்டை விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அவள் உள்ளங்கையின் நடுவில் அழுத்தியது.

ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அழுத்தவில்லை.